கொல்லையில் கோழி, கூடவே நாய்: டர்பன் வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் வைத்திருக்கிற நம்மவர்கள் கோழி வளர்க்க ஆசைப்பட்டதும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். வீட்டில் நாயும் இருந்துவிட்டால் கேள்விகள் இரண்டு மடங்காகும். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் என்னிடம் கேட்டவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கையில் காசு குறைவாக இருந்தால் கூண்டின் அழகுக்குச் செலவழிக்காதீர்கள், மழைத்தண்ணீர் வெளியே போகிற வழிக்கும் கம்பிவலைக்கும் போடுங்கள். மற்றதை எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

வேலி, கூண்டு, தளம், எதை முதலில் செய்வது?

மூன்றுக்கும் முன்னால் தண்ணீர். சாட்ஸ்வொர்த்தில் பாதி வீடுகள் சரிவில் நிற்கின்றன, பின்பக்கம் மேடு, முன்பக்கம் பள்ளம், அல்லது நேர்மாறாக. மேட்டிலிருந்து இறங்குகிற தண்ணீர் உங்கள் கொல்லைக்குள் எந்த இடத்தில் நுழைகிறது, எங்கே தேங்குகிறது என்று ஒரு நல்ல மழையில் குடையோடு நின்று பாருங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசூலு-நட்டாலில் 400 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், மண்சரிவில் வீடுகளே போயின. அதைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூண்டு வைக்கப்போகிற இடத்துக்கு மேல்பக்கத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, தண்ணீரைச் சுற்றிவிட்டு, பக்கத்து வீட்டுக்குள் போகாமல் வடிகாலுக்குக் கொண்டுபோங்கள். இடம் பண்ணுவதற்காகச் சரிவைச் செங்குத்தாக வெட்டாதீர்கள். இடுப்பு உயரத்துக்கு மேல் தடுப்புச்சுவர் தேவைப்படுகிறது என்றால் அது பொறியாளர் பார்க்க வேண்டிய வேலை, ஞாயிற்றுக்கிழமை மச்சானைக் கூட்டிவந்து முடிக்கிற வேலை இல்லை.

தண்ணீருக்கு அப்புறம் எல்லைவேலி, அப்புறம் கூண்டு, அப்புறம் நாய்க்குப் பழக்கம், கடைசியில் கோழி. நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: சந்தையில் நல்ல கோழி கண்ணில் பட்டதும் வாங்கிவந்து, அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டு, அவசரமாகக் கூண்டு அடிக்கிறார்கள். மண்வேலைக்கும் சிமென்ட் வேலைக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் நல்ல காலம். டர்பனில் மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் மார்ச் வரை கொட்டுகிறது, அப்போது தோண்டினால் குழியில் தண்ணீர்தான் நிற்கும்.

முனிசிபாலிட்டி அனுமதி வேண்டுமா?

கட்டடத்துக்கும் கோழிக்கும் தனித்தனி விதி. 1977-ஆம் ஆண்டின் 103-ஆம் எண் தேசிய கட்டட விதிகள் சட்டம் 10 சதுர மீட்டருக்கு மிகாத கோழிக்கூண்டைப் பெயர் சொல்லியே ‘சிறிய கட்டட வேலை’ என்று வகைப்படுத்தியிருக்கிறது. அதாவது முழு வரைபடம் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் கட்டடக் கட்டுப்பாட்டு அதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். ஆறு கோழிக்கு 10 சதுர மீட்டர் தாராளம். கோழி வைத்துக்கொள்வது எதெக்வினி, அதாவது டர்பன் நகராட்சியின் துணைவிதிகளில் வருகிறது. உங்கள் வார்டில் எத்தனை கோழி, வேலியிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதை சுகாதாரப் பிரிவில் நேரில் கேட்டுவிடுங்கள்.

விதியைவிட முக்கியம் பக்கத்து வீடு. நம்முடைய பழைய கவுன்சில் வீடுகள் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொள்கிறவை. வேலை தொடங்கும் முன்பே போய்ச் சொல்லுங்கள், முட்டை வந்ததும் கொஞ்சம் கொடுங்கள். சேவல் வேண்டாம். சேவல் இல்லாமலே பெட்டை முட்டை போடும், இதை இன்னும் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

ஆறு கோழிக்கு எவ்வளவு இடம்?

கூண்டுக்குள் ஒரு கோழிக்கு மூன்று நான்கு சதுர அடி, வெளியே நடமாட ஒன்றுக்கு ஒரு சதுர மீட்டராவது. உட்காரும் கழி ஒரு கோழிக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர். முட்டைப்பெட்டி ஓரடிக்கு ஓரடி, ஆறு கோழிக்கு இரண்டு போதும். கழி பெட்டியைவிட உயரத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் பெட்டிக்குள்ளேயே படுத்து எச்சமிட்டுவைக்கும். இங்கே குளிரைப் பற்றிக் கவலை வேண்டாம். பிப்ரவரிப் புழுக்கம்தான் எதிரி, ஆகவே கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் காற்றுவழி விட்டு வலை அடியுங்கள். காலையில் கதவைத் திறந்ததும் மூக்கில் அமோனியா நெடி ஏறுகிறது என்றால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம்.

எந்த மரம் வாங்குவது?

பைன் மரத்தில் ஹெச்3, ஹெச்4 என்று முத்திரை இருக்கும். ஹெச்3 தரைக்கு மேலே நிற்கிற சட்டங்களுக்கு, ஹெச்4 மண்ணில் புதைகிற கால்களுக்கு. விலை குறைவு என்று ஹெச்3-ஐ மண்ணில் நட்டால் நம் ஈரத்திலும் கரையானிலும் சீக்கிரம் போய்விடும். பச்சை நிறம் ஏறிய மரத்தில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றியிருக்கிறது. மிச்சத் துண்டுகளை தயவுசெய்து இறைச்சி சுடுகிற பிராய் அடுப்பில் போடாதீர்கள், அந்தப் புகையும் சாம்பலும் விஷம். அறுத்த தூளைக் கூண்டில் பரப்பவும் கூடாது. கிரியோசோட் பூசிய கருப்புக் கம்பங்கள் கோழிக்கும் நாய்க்கும் பக்கத்திலேயே வேண்டாம்.

கூரைக்கு ஐபிஆர் என்கிற மடிப்புத் தகரம் நல்லது. ஒரு தகடு 686 மில்லிமீட்டர் அகலத்தை மூடும், அதை வைத்தே கூண்டின் அகலத்தைத் தீர்மானித்தால் தகரம் வெட்டுகிற வேலை மிச்சம்.

தரை சிமென்டா, மண்ணா?

கூண்டுக்குள் சிமென்ட், வெளியே ஓடும் இடத்தில் மண். 75 மில்லிமீட்டர் தளம் போதும், 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு இரண்டு தள்ளுவண்டி மணல், இரண்டு தள்ளுவண்டி ஜல்லி. கதவுப் பக்கம் கொஞ்சம் வாட்டம் கொடுங்கள், கழுவினால் தண்ணீர் ஓடட்டும். மேலே பைன் சீவல் ஒரு சாண் கனத்துக்குப் போட்டு, ஈரமானதை மட்டும் அள்ளுங்கள். வெளியே மண் கட்டாயம் வேண்டும், கோழி மண்ணில் குழி பறித்துப் புரளாவிட்டால் பேன் பிடிக்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்து, இறக்கையை விரித்து, மண்ணை அள்ளித் தோள்மேல் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக் கிடக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் கோழி செத்துவிட்டது என்று ஃபோன் செய்கிறார்கள். குளித்துக்கொண்டிருக்கிறது, விடுங்கள்.

எந்தக் கம்பிவலை?

அறுகோணக் கண் வைத்த கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும், வேறு எதையும் வெளியே நிறுத்தாது. நாய் நகத்தாலேயே கிழித்துவிடும். இங்கே யார் யார் வருவார்கள் என்று வரிசையாக யோசியுங்கள். பகலில் வெர்வெட் குரங்கு, சில்வர்க்ளென் காட்டை ஒட்டிய வீடுகளுக்கு இது தினசரி விருந்தாளி, 50 மில்லிமீட்டர் கண்ணுக்குள் கைவிட்டு முட்டையை எடுத்துவிடும், சாதாரணக் கொக்கியைத் திறக்கவும் தெரியும். கீரி தோண்டிக்கொண்டு வரும். வானத்திலிருந்து கருப்புச் சிட்டுப்பருந்து. ஓடைப்பக்கம் என்றால் முட்டைக்கு உடும்பு. இரவில் ஜெனெட் என்கிற புள்ளிப் பிராணி, பூனையைவிட மெலிந்த உடம்பு, ஒரு சின்ன இடைவெளி போதும், ஒரே ராத்திரியில் எல்லாக் கோழியையும் முடித்துவிட்டுப் போகும்.

ஆகவே 13 மில்லிமீட்டர் கண் உள்ள வெல்ட்மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த கெட்டி வலை. காசு இடிக்கிறது என்றால் கீழேயிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்கும் இரவுக்கூண்டு முழுவதற்கும் அதைப் போட்டு, மேலே 25 மில்லிமீட்டர் வலை போடலாம். ஓடும் இடத்துக்கு மேலேயும் வலை வேண்டும். அடியில், வேலியிலிருந்து வெளிப்பக்கமாக 45 சென்டிமீட்டர் அகலத்துக்கு வலையைத் தரையில் படுக்கவைத்து, முளை அடித்து, மேலே மண்ணும் கல்லும் போட்டு மூடுங்கள். தோண்டுகிற பிராணி வேலியின் அடியில்தான் தொடங்கும், கம்பி தட்டியதும் பின்வாங்கி யோசிக்கத் தெரியாது. இதையே செங்குத்தாகப் புதைப்பதைவிட வேலையும் குறைவு, பலனும் அதிகம். முக்கியமாக மூலைகளைப் பாருங்கள், இரண்டு வலைகள் சேருகிற இடத்தில் கம்பி பிரிந்து விரல் நுழைகிற அளவு இடைவெளி விழும், அங்கேதான் நாய் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டே இருக்கும்.

கதவுக்குத் தாழ்ப்பாளோடு சுருள்கொக்கி ஒன்றும் போடுங்கள், குரங்குக்கு அது புரிய நேரமாகும்.

பாம்பு வந்தால்?

எலி இருக்கிற இடத்துக்குத்தான் பாம்பு வருகிறது. தீவனத்தை மூடிபோட்ட தகர டின்னில் வையுங்கள், மரக்கட்டை, உடைந்த ஓடு, தகரக் குவியல் எல்லாவற்றையும் கூண்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள், முட்டையை அன்றன்றே எடுங்கள். டர்பனில் கருப்பு மாம்பா உண்டு, மொசாம்பிக் துப்பும் நாகமும் உண்டு. நாயின் கண்ணில் நாகம் துப்பிவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றிக் கழுவி, மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். பாம்பை அடிக்கப் போகாதீர்கள், கடிபடுகிறவர்களில் பலர் அப்படித்தான் கடிபடுகிறார்கள். நாயை உள்ளே பூட்டிவிட்டு, தூரத்தில் நின்று கண்ணால் பின்தொடர்ந்துகொண்டே பாம்பு பிடிப்பவரைக் கூப்பிடுங்கள்.

எங்கள் நாய் கோழியைக் கடிக்காமல் இருக்குமா?

இது நாயைப் பொறுத்தது, அதைவிட உங்கள் பொறுமையைப் பொறுத்தது. ஜாக் ரஸ்ஸல் மாதிரி வேட்டைக்கென்றே உருவான சின்ன நாய்களுக்குச் சிறகடிப்பதைப் பார்த்தால் ரத்தம் கொதிக்கும். நம் ஊர் ஆஃப்ரிக்கானிஸ் வகை நாய்களில் பல கோழிக்கு நடுவிலேயே வளர்ந்தவை, சும்மா படுத்துக் கிடக்கும். ஆனால் இனத்தை வைத்து உறுதி சொல்ல முடியாது.

கோழி வந்த முதல் சில வாரங்கள் நாயைக் கயிறில்லாமல் அந்தப் பக்கம் விடாதீர்கள். நன்றாக நடக்கவைத்து, சோர்ந்தபின் கூட்டிவந்து, வலைக்கு வெளியே கொஞ்சம் தள்ளி உட்காரவையுங்கள். உடம்பைக் கவனியுங்கள்: காது முன்னால் விறைத்து, வாய் மூடி, முன்கால் ஒன்று தரையைவிட்டு லேசாகத் தூக்கியிருந்தால் அது வேட்டை. அப்போது பேச்சில்லாமல் இன்னும் பின்னால் கூட்டிப்போங்கள். உங்களைத் திரும்பிப் பார்த்த நொடியில் ஒரு துண்டு தின்பண்டம். திரும்பிப் பார்ப்பதுதான் நீங்கள் விலைகொடுத்து வாங்குகிற விஷயம். நாளடைவில் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கோழி சிறகடித்து ஓடும்போதும் நாய் கொட்டாவி விட்டுவிட்டுத் தலையைத் தரையில் போட்டால் சரி, பாதி வேலை முடிந்தது. குழந்தைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள், கோழியைத் துரத்தி விளையாடக்கூடாது. அவர்கள் ஓடினால் நாயும் ஓடும்.

நன்றாகப் பழகிய நாயையும் வீட்டில் ஆள் இல்லாதபோது கோழியோடு தனியாக விடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். வலை இரண்டையும் காப்பாற்றுகிறது. நாய்க்கென்று நிழலான இடமும் தண்ணீரும் கூண்டைப் பார்த்தபடி வைத்துக்கொடுங்கள். நாயின் மணமும் குரைப்பும் இருந்தாலே குரங்கு கொஞ்சம் தள்ளி நிற்கும்.

நாய் ஏற்கெனவே ஒன்றைக் கொன்றுவிட்டது. செத்த கோழியைக் கழுத்தில் கட்டினால் திருந்தும் என்கிறார்களே?

வேண்டாம். அந்த நாய்க்கு அது தண்டனை என்றே புரியாது, அழுகின பிணத்தைச் சுமப்பதால் நோய்தான் வரும். வலையைச் சரிசெய்துவிட்டு, கயிற்றோடு முதலிலிருந்து தொடங்குங்கள்.

நாய் கோழித்தீவனத்தையும் எச்சத்தையும் தின்கிறது.

எச்சத்தில் சால்மொனெல்லா இருக்கலாம், ஆகவே தினமும் அள்ளுங்கள். குஞ்சுத் தீவனம் இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம். ரத்தக்கழிச்சலைத் தடுக்க மொனென்சின் போன்ற மருந்து கலந்த தீவனங்கள் உண்டு, அவை நாய்க்கு விஷம். மூட்டையின் சீட்டைப் படியுங்கள், நாய் எட்டாத உயரத்தில் தீவனத்தட்டைத் தொங்கவிடுங்கள். வயதான பெட்டையை ரன்னிங் ஃபவுல் கறி வைத்தால் வெந்த எலும்பை நாய்க்குப் போடாதீர்கள், சில்லாக உடைந்து குடலைக் குத்தும்.

கொல்லையில் இருக்கிற மரம் செடிகளை வெட்ட வேண்டுமா?

சிலவற்றை. அவகாடோ கோழிக்கு விஷம், இலையும் தோலும் கொட்டையும் இன்னும் மோசம், நம் கொல்லைகளில் பாதியில் ஓர் அவகாடோ நிற்கிறது. மரத்தை வெட்டத் தேவையில்லை, ஓடும் இடத்தை அதன் கீழே வைக்காதீர்கள். நேற்று-இன்று-நாளை என்று இங்கே எல்லாரும் வைத்திருக்கிற ஊதா வெள்ளைப் பூச்செடி நாய்க்குக் கடுமையான விஷம், அதன் காயைத் தின்ற நாய்க்கு வலிப்பு வரும், அதைப் பிடுங்கிவிடுங்கள். சைக்கட் விதையும் சிரிங்கா மரத்தின் மஞ்சள் காயும் அப்படியே. கறிவேப்பிலை, முருங்கை, வாழை எல்லாம் இருக்கட்டும், முருங்கையின் கீழே கோழிக்கு நல்ல நிழல். இளங்கன்றுகளைச் சுற்றி மட்டும் வலை போடுங்கள், கிளறி வேரை வெளியே எடுத்துவிடும்.

எலிக்கு மருந்து வைக்கலாமா?

ரோட்டோரத்தில் விற்கிற எலிமருந்தைத் தொடவே தொடாதீர்கள். ‘டூ ஸ்டெப்’ என்று விற்பது ஆல்டிகார்ப், திருட வருகிறவர்கள் நாயைக் கொல்ல இறைச்சியில் வைத்துப் போடுவதும் அதைத்தான். 2024-இல் சொவெட்டோவின் நலேடியில் ஆறு பிள்ளைகள் செத்தது டெர்புஃபோஸ் என்கிற பயிர்மருந்தால் என்று சுகாதார அமைச்சர் அறிவித்தார், அதுவும் எலிக்கென்று தெருவில் விற்பனையாகிற சரக்கு. கடையில் வாங்குகிற மருந்திலும் செத்த எலியைக் கோழியோ நாயோ தின்றால் ஆபத்து உண்டு. பொறி வையுங்கள், ராத்திரியில் தீவனத்தை எடுத்துவிடுங்கள், 13 மில்லிமீட்டர் வலை மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

என்னென்ன தடுப்பூசி?

நாய்க்கு ரேபிஸ் ஊசி சட்டப்படி கட்டாயம். மூன்று மாதத்தில் முதல் ஊசி, ஒரு வருடத்துக்குள் இரண்டாவது, பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. குவாசூலு-நட்டாலில் தெருநாய்களிடம் இந்த நோய் விடாமல் இருக்கிறது, அரசு மிருக வைத்தியர்கள் முகாம் போட்டு இலவசமாகவே போடுகிறார்கள், அக்கம்பக்கத்து நாய்களையும் சேர்த்துக் கூட்டிப்போங்கள். யாரையாவது சந்தேகமான நாய் கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீருமாகக் குறைந்தது 10 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும், மறுநாளைக்குத் தள்ளாதீர்கள். உண்ணிக்கு மாத்திரை விடாமல் கொடுங்கள். ஈறு வெளுத்து, சாப்பாட்டைத் தொடாமல், சிறுநீர் கருத்துப்போனால் அது உண்ணியால் வருகிற பிலியரி நோய், காத்திருந்தால் நாய் போய்விடும்.

கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. பறவைக்காய்ச்சலுக்கு நீங்கள் செய்யக்கூடியது காட்டுப்பறவை தீவனத்திலும் தண்ணீரிலும் வாய்வைக்காமல் மேலே மூடுவது, கூண்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி செருப்பு வைப்பது. 2023-இல் அந்த நோயால் நாடெங்கும் லட்சக்கணக்கில் கோழிகளைக் கொன்று, கடையில் முட்டைக்குத் தட்டுப்பாடு வந்ததே, அப்போதுதான் நம்மவர்கள் பலருக்குக் கோழி ஆசையே வந்தது. திடீரென்று பல கோழிகள் செத்தால் புதைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், அரசு மிருக வைத்தியருக்குச் சொல்ல வேண்டும்.

எந்த இனம்?

முட்டை மட்டும் போதும் என்றால் லோமான் பிரவுன். நம் வெயிலுக்கும் கொல்லைக்கும் நான் சொல்வது பொட்செஃப்ஸ்ட்ரூம் கூக்கூக், 1950-களில் இந்த நாட்டிலேயே உருவான புள்ளிக்கோழி, முட்டையும் உண்டு கறியும் உண்டு, குஞ்சாக இருக்கும்போதே நிறத்தை வைத்துச் சேவல் பெட்டை சொல்லிவிடலாம். வெண்டா, மட்டபேலே, ஓவாம்போ கோழிகளைக் கலந்து உருவாக்கிய பாஸ்வெல்டரும் கெட்டியானது.

மழைத்தண்ணீரைப் பிடிக்கலாமா?

கண்டிப்பாக. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 20 சதுர மீட்டர் தகரத்தில் 25 மில்லிமீட்டர் மழைக்கு 500 லிட்டர். கூண்டு கழுவவும் செடிக்கும் போதும். தொட்டியை வைக்கும் மேடை கெட்டியாக இருக்கட்டும், 2,500 லிட்டர் என்றால் இரண்டரை டன். வாயில் கொசுவலை கட்டுங்கள்.

வேலை முடிந்தபின் கவனிக்க வேண்டியது?

வெட்டின கம்பித் துணுக்கு, ஆணி, திருகு. கோழி மின்னுகிற எதையும் கொத்தும், நாய்க்குட்டியும் வாயில் போடும், துத்தநாகம் பூசிய துண்டு வயிற்றுக்குள் போனால் இரண்டுக்கும் விஷம். கயிற்றில் ஒரு காந்தத்தைக் கட்டித் தரையெல்லாம் இழுத்துக்கொண்டு போங்கள், வியந்துபோகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டு வரும். தெர்மோகோல் துண்டு ஒன்றுகூட விடாதீர்கள், கோழி அதைப் பொரியென்று நினைத்து விழுங்கிவிடும்.

தீபாவளி வெடிக்கு என்ன செய்வது?

தீபாவளியும் நவம்பர் 5 கை ஃபாக்ஸ் வெடியும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வருகின்றன. அந்த வாரத்துக்கு முன்பே எல்லைவேலியைச் சுற்றிப் பாருங்கள், நாயின் கழுத்துப்பட்டையில் ஃபோன் எண் எழுதுங்கள். வெடி நேரத்தில் நாயை வீட்டுக்குள் உள்ளறையில், யாராவது கூட இருந்து, ரேடியோ சத்தத்தோடு. கோழியை இருட்டுவதற்குள் அடைத்து, காற்றுவழியை மூடாமல் வெளிச்சம் விழுகிற பக்கத்துக்கு மட்டும் சாக்கு தொங்கவிடுங்கள்.

புரட்டாசியில் முட்டை குவிகிறதே?

ஆமாம், இந்த ஊரில் அப்படித்தான். கோழிக்கு முட்டை ஓட்டம் பகல்வெளிச்சத்தைப் பொறுத்தது, டர்பனில் ஜூனில் பகல் பத்து மணி நேரம் சொச்சம், டிசம்பரில் பதினான்கு. செப்டம்பரில் பகல் நீள நீள முட்டை ஏறும், சரியாக அப்போதுதான் நாம் புரட்டாசி விரதம் பிடித்து முட்டையைத் தொடாமல் இருப்போம். கழுவாமல், கூர்முனை கீழே இருக்கும்படி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். கழுவினால் ஓட்டின் மேலுள்ள காப்புப்படலம் போய்விடும். மிச்சத்தை விரதம் இல்லாத பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள், அல்லது அவித்து ஓட்டோடு நசுக்கி நாய்க்கும் கோழிக்குமே போடுங்கள், இரண்டும் விரும்பித் தின்னும்.